பூசத்தைப் பார்க்கப் போனோம்

மகள் பெயருக்கு அர்ச்சனை செய்யும்போதெல்லாம் "பூச நட்சத்திரம்" என்பேன். தார்நாகா கோயில் அர்ச்சகர் அதைத் தெலுங்கு வழக்கப்படி "புஷ்யமி" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டு மணியடிப்பார். அவள் பிறந்ததிலிருந்து இப்படிச் சொல்லிவந்த நான் அந்த நட்சத்திரத்தை ஒருமுறைகூட வானத்தில் தேடியதில்லை.

நகரத்தின் மேற்கே ஐ.டி. கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நாங்கள் கிழக்கே, கணவர் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தின் குடியிருப்பில் இருந்தோம். ஒரு கார்த்திகை மாதம் உப்பல் சந்திப்பில் மகளின் பள்ளி ஆட்டோ கவிழ்ந்து அவளுக்குக் கை முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் எந்த வண்டியிலும் ஏற மறுத்தாள். ஆட்டோ, பஸ், அப்பாவின் கார், எதைக் காட்டினாலும் "நக்கோ" என்ற ஒரே பதில். வேண்டாம் என்பதற்கு அந்த ஊர்ப் பிள்ளைகளின் சொல். பள்ளியோ உப்பலுக்கும் அப்பால். ஆண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு வருடம் வீணாகிவிடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தைப்பூசத்தன்று பிரசாதம் கொடுத்தபோது, தன் நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்று பாதித் தெலுங்கில் கேட்டாள்: "என் ஸ்டார் ஸ்டார்னு சொல்றியே, அதி எக்கட உந்தி?"

மூவரும் மொட்டைமாடிக்கு ஏறினோம். முழுநிலா. பூசத்தன்று நிலா பூசத்தின் அருகில்தானே இருக்கும்! நிலாவுக்கு மேலே பளிச்சென்று தெரிந்த ஒன்றைக் காட்டி, "இதோ, இதான்டி" என்றேன்.

கணவரின் படிப்பு ரசாயனம், வானம் அவருக்கும் புதிது. மறுநாள் நூலகத்திலிருந்து ஒரு விண்மீன் படம் கொண்டுவந்தார்.

"நீ காட்டினது புனர்பூசம்மா. பூசம் ரொம்ப மங்கல். நிலா பக்கத்துல வந்தா காணாமப் போயிடும். தைப்பூசத்தன்னிக்குப் போய்த் தேடினோம் பாரு!"

மகள் படத்தைப் பிடுங்கிப் படித்தாள். மேல்நாட்டார் அதற்கு வைத்த பழைய பெயருக்குத் தெற்குக் கழுதைக்குட்டி என்று பொருளாம். சற்றுத் தள்ளி வடக்குக் கழுதைக்குட்டி. இடையில் புகைபோல் தெரிகிற விண்மீன் கூட்டம் அவை தின்னும் தொட்டி.

"டாங்க்கியா? மேரா ஸ்டார் டாங்க்கியா?"

"உங்கம்மா தினமும் அதைச் சொல்லித்தானே உன்னை எழுப்புறா!"

விபத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அமாவாசை சமயத்துல இருட்டான இடத்துக்குப் போனா பார்க்கலாம். உப்பல் தாண்டணும். கார்லதான்." சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். நான் முறைத்தேன். அவள் படத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

மாசி அமாவாசை மாலை அவளே செருப்பை மாட்டிக்கொண்டு கார் அருகில் போய் நின்றாள்.

"போலாமாடி?"

"ஹவ்" என்றாள். நக்கோவுக்கு எதிர்ச்சொல்.

பின்னிருக்கையில் என்னை ஒட்டி உட்கார்ந்தாள். உப்பல் சந்திப்பு வந்ததும் கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். நானும் மூடிக்கொண்டேன். பாதையைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

கட்டடங்கள் முடிந்து, எல்லைக்கல் நட்ட வெறும் மனைகள் தொடங்கிய இடத்தில் இறங்கினோம். புனர்பூசத்துக்கும் மகத்துக்கும் நடுவே வெற்றிடம்போல் இருந்தது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பைனாகுலரில் துழாவித் துழாவிக் கடைசியில் கண்டுபிடித்தோம். அணையப்போகும் ஊதுவத்தி முனைபோல இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த ஒரு புள்ளி.

"சூரியனைவிடப் பல மடங்கு பெருசு. வயசாகி ஊதிப்போன ராட்சசன். தூரத்துல இருக்கிறதால இப்படித் தெரியுது" என்றார் கணவர்.

"பாவம்" என்றாள் மகள். வெகுநேரம் பைனாகுலரைத் தரவேயில்லை.

திரும்பும்போது என் மடியிலேயே தூங்கிப்போனாள். அந்த வாரமே பள்ளிக்குப் போனாள், அப்பாவின் காரில்.

இப்போது அவளும் மேற்கே ஒரு ஐ.டி. கட்டடத்தில் வேலை பார்க்கிறாள், சொந்தக் காரில் போய்வருகிறாள். மாலையில் அவள் வரும்வரை மொட்டைமாடியில் நிற்பேன். நகர வெளிச்சத்தில் புனர்பூசம் தெரியும். அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பூசம்தான் தெரிவதில்லை.

கோயிலுக்கு அவள்தான் அழைத்துப்போகிறாள். உப்பல் பக்கம் போக நேர்ந்தால், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

"அம்மா, அந்தப் பக்கம் பிரேக் லேது" என்கிறாள், ரோட்டிலிருந்து கண்ணெடுக்காமல்.