ஒன்பதுக்குப் பிறகு

நாங்கள் பத்துப் பேர். நான் செகிஞ்சான் அரிசி ஆலையில் அலுவலக வேலை. எங்களைச் சேர்த்துவைத்தவர் கோலசிலாங்கூரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். எல்லோருக்கும் அவர் 'சார்'. மற்றவர்கள் ஈஜோக், புக்கிட் பெருந்துங் பக்கத்துத் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைப்பவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராவாங் தாண்டியுள்ள ஒரு சுண்ணாம்புக் குன்றின் குகைக்குள் போய், உடம்பெல்லாம் சேறாகித் திரும்புவோம். வீட்டில் இதற்குச் சுத்தப் பைத்தியம் என்று பெயர்.

ஆளுக்கொரு எண் உண்டு. சார் ஒன்று. நான் ஒன்பது. எனக்குப் பின்னால் கடைசியாக வரும் லோரி ஓட்டும் அண்ணன் பத்து. பேசவே மாட்டார். இடுக்கான இடத்தில் என் முதுகுப்பையில் அவர் கை லேசாகப் பட்டுக்கொண்டே வரும். அது இருக்கும்வரை நான் திரும்பிப் பார்த்ததே இல்லை.

உள்கூடத்துக்குப் போனதும் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, இருட்டில் வரிசையாக எண் சொல்வோம். ஒருவர் வராவிட்டால் அவருக்கு முந்தியவர் அந்த எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"ஆளு கொறஞ்சாலும் எண்ணிக்கை கொறையக் கூடாதுலா" என்பார் சார். எனக்கு அது பிடித்திருந்தது. வராதவரையும் கூட வைத்துக்கொள்வது போல.

பிறகு பெருந்தொற்று வந்தது. மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தோம். கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்தபோது, ஐந்து பேருக்கு மேல் சேரக்கூடாது என்றார்கள். ஒற்றை எண்கள் ஒரு ஞாயிறும் இரட்டை எண்கள் அடுத்த ஞாயிறும் போவது என்று சார் முறை வைத்தார். குகைக்குள்ளும் முகக்கவரி, ஒரு மீட்டர் இடைவெளி. யாரும் யாரையும் தொடக்கூடாது.

எண்ணிக்கையை மட்டும் சார் மாற்றவில்லை. ஐந்து வாய், பத்து எண். முதல் நாள் இருட்டில் அதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "ஒன்பது, பத்து" என்று நான் முடித்த பிறகு, குகைச் சுவரிலிருந்து "பத்து" என்று கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தது. பின்னால் யாரோ இருப்பதுபோல் இருக்கும். விளக்கைப் போட்டுப் பார்த்தால் வெறும் ஈரப்பாறை. மூன்றாவது முறை போனபோது எனக்குப் பழகிப்போயிருந்தது. இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது அந்தப் பழக்கம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழாம் எண்காரருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக அண்ணன் வந்தார். குகை வாசலில் எல்லோரும் சிலிப்பரைக் கழற்றி வைத்துவிட்டு ரப்பர் பூட்சு மாட்டினோம். முகக்கவரியால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிய, அண்ணன் அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பாத்து வாங்கண்ணே" என்றேன். தலையாட்டினார்.

உள்கூடத்தில் விளக்குகள் அணைந்தன. சார் ஆரம்பித்தார். என் முறை வந்தது. "ஒன்பது, பத்து" என்றேன். நாக்கு தானாகவே சொல்லிவிட்டது. சுவரும் திருப்பிச் சொன்னது. எண்ணிக்கை சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வேறொரு சின்னக் கிளை வழியாக வெளியேறினோம். ஒரு மீட்டர் இடைவெளி இரண்டாகி, மூன்றாகி, ஆளுக்கொரு பக்கம் வந்துகொண்டிருந்தோம்.

வெளியே வானம் கறுத்திருந்தது. வாசலுக்கு வந்து என் சிலிப்பரை மாட்டினேன். பக்கத்தில் வார் அறுந்து கம்பியால் கட்டிய ஒரு ஜோடி அப்படியே கிடந்தது. திரும்பிப் பார்த்தேன்.

"சார், அண்ணன் எங்க?"

"எண்ணிக்கை சரியாத்தானம்மா இருந்துச்சு?"

"பத்த நான்தான் சார் சொன்னேன்."

அந்தக் குகையில் மழை பெய்தால் தாழ்ந்த வழியில் இடுப்பளவு தண்ணீர் ஏறிவிடும். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. மற்ற இருவரை உதவிக்கு அனுப்பிவிட்டு, சாரும் நானும் வந்த வழியே உள்ளே ஓடினோம். உள்கூடத்தில் நின்று சார் "ஒன்று" என்று கத்தினார். நான் "ஒன்பது" என்றேன். பதில் இல்லை. எங்கோ தண்ணீர் சொட்டியது. மறுபடியும் சொன்னோம். அதே சொட்டு. முகக்கவரியைப் பிய்த்தெறிந்தேன்.

"அண்ணே, உங்க நம்பர நான்தாண்ணே தப்பா சொல்லிட்டேன்! நீங்க சொல்லுங்கண்ணே!"

காலுக்குக் கீழே, முதலில் உள்ளே வரும்போது நாங்கள் கடந்த பள்ளத்துக்குள்ளிருந்து, "பத்து" என்று வந்தது.

கண்ணாடி மங்கித் தடம் தவறி விழுந்திருக்கிறார். கணுக்கால் முறிந்து, விளக்கும் உடைந்திருந்தது. தண்ணீர் அவர் நெஞ்சைத் தொடுமுன் தூக்கிவிட்டோம்.

"ஏண்ணே கூப்பிடல?" என்று கேட்டேன்.

"மொதல்ல மூச்சு அடைச்சுப்போச்சு. அப்புறம் நீங்க எண்ணுனது கேட்டுச்சு. பத்துன்னும் கேட்டுச்சு." கண்ணாடியைக் கழற்றினார். "நான்தான் அங்க நிக்கிறேன்போல, அப்ப இங்க கெடக்குறது யாருன்னு நெனச்சேன். வாய் வரலம்மா."

அன்றோடு சார் அந்த வழக்கத்தை நிறுத்தினார். வராதவர் எண்ணை இனி யாரும் சொல்லக்கூடாது. கட்டுப்பாடெல்லாம் போய் நாங்கள் பத்துப் பேரும் மறுபடி கூடினோம். அண்ணனும் வருகிறார், ஆனால் உள்ளே வருவதில்லை. வாசலில் சிலிப்பர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். நாங்கள் ஒன்பதோடு நிறுத்திவிடுவோம்.

போன மாதமும் விளக்குகளை அணைத்தோம். "ஒன்பது" என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஒரு கணம் கழித்துத் தெளிவாகக் கேட்டது: "பத்து."

சார் சட்டென்று விளக்கை என் முகத்தில் அடித்தார்.

"நான் சொல்லல சார்."

வெளியே வந்தோம். அண்ணன் வாசலில் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, நொண்டியபடி, தூரத்துச் சாலையோர ஒட்டுக்கடையிலிருந்து சூடான தே தண்ணீர்ப் பொட்டலங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்து, "என்னம்மா ஆச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணே" என்றேன். நான் வாயைத் திறக்கவில்லை என்று சாரிடம் இரண்டு முறை சத்தியம் செய்தேன். சார் நம்பிவிட்டார். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.