கல்வராயன் மலையில் ஐந்தரை மணி நேரப் பிழை

இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் மறியல் நடந்துகொண்டிருந்த மாதங்கள். சுற்றிப் பார்க்க அல்ல, ஒரு சர்வரைப் பார்க்கத்தான் மலைக்குப் போனேன். அறக்கட்டளை ஒன்று நடத்தும் சிறிய மருத்துவமனை. பிரசவத்துக்கு வந்த ஒரு பெண் அங்கே பகல் ஒரு மணிக்கு இறந்துபோயிருந்தாள்.

ரத்தப்போக்கு அதிகம், உடனே மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று காலை ஒன்பதே முக்காலுக்கே கம்ப்யூட்டரில் குறிப்பு எழுதி, சர்வரில் உள்ள பொது ஃபோல்டரில் போட்டேன், டாக்டரிடம் நேரிலும் சொன்னேன் என்றார் நர்ஸ் மலர்க்கொடி. டாக்டர் மறுத்தார். ஃபைலில் இருந்த நேரம் பிற்பகல் மூன்றேகால். செத்த பிறகு எழுதியிருக்கிறார் என்று மலர்க்கொடியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அந்த நேரம் சரிதானா என்று பார்க்க அறக்கட்டளை என்னை அனுப்பியது.

விழுப்புரத்தில் காலை ஆறு மணிக்கு பஸ் ஏறினேன். தியாகதுருகத்தில் மறியல்.

"எப்போ எடுப்பீங்க?"

"அவங்க எழுந்தாத்தான் சார்," என்றார் கண்டக்டர். "இன்னா பண்றது, நானும் குந்திக்கினுதான் இருக்கேன்."

இரண்டு மணி நேரம் போயிற்று. கள்ளக்குறிச்சியில் வேறு பஸ் மாறி, கச்சிராயப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

மருத்துவமனை மேலாளர் அன்வர் பக்கத்தில் நிற்க, புதிதாக ஒரு ஃபைல் போட்டுப் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டரை. ஃபைலில் மாலை ஆறு. பெண் இறந்த அன்று வழக்கம்போல் காலை எட்டரைக்குப் போட்ட வெளிநோயாளிகள் பட்டியலிலும் பிற்பகல் இரண்டு என்றே இருந்தது. சர்வரில் நம் ஊர் மணியை வைத்த யாரோ, நேர மண்டலத்தை கிரீன்விச்சிலேயே விட்டிருந்தார்கள். மற்ற கம்ப்யூட்டர்கள் அதை கிரீன்விச் மணி என்று நம்பி, இன்னொரு ஐந்தரை மணி நேரம் கூட்டிக் காட்டின.

மலர்க்கொடி சொன்ன நேரம் சரி.

அன்வர் சர்வரைக் காட்டினார். "இதுல பேட்டரி மாத்துனப்போ போனைப் பார்த்து மணி வெச்சது நான்தான் சார். அவங்கள நிறுத்துனதும் நான்தான்."

அவர் பைக்கிலேயே மலர்க்கொடியின் ஊரான வடக்கனந்தலுக்கு இறங்கினோம். மலர்க்கொடி கரும்புக் கொல்லையில் காய்ந்த சோகை உரித்துக்கொண்டிருந்தார். அன்வர் எல்லாவற்றையும் சொல்லி, "நாளைக்கே வந்துடுங்கம்மா," என்றார்.

மலர்க்கொடி என்னைப் பார்த்தார். "டாக்டர் அந்தக் குறிப்ப எப்போ தொறந்து பார்த்தாருன்னு இருக்குதா சார்?"

"இல்லம்மா. அது பதிவாகல."

"அந்தப் பொண்ணு மூணு மணி நேரத்துக்கு மேல அங்கயே கெடந்துச்சு. இன்னாத்துக்குன்னு அவங்க வூட்ல கேட்டா இன்னா சொல்வீங்க?"

 மலர்க்கொடி திரும்பிப் போய் சோகை உரிக்கத் தொடங்கினார்.

மலைக்குப் போகிறவர்கள் கள்ளக்குறிச்சியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். மறியல் நாட்களில் அரை நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சர்வர் பார்க்கிறவர்கள் முதலில் நேர மண்டலத்தைச் சரிபார்த்துவிட்டு, பிறகு மணியைத் தொடுங்கள். யார் எப்போது திறந்தார்கள் என்ற பதிவையும் போட்டுவையுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அது கட்டாயம்.

அறக்கட்டளையில் என் அறிக்கையை வாங்கிக்கொண்டார்கள். மலர்க்கொடி வேலைக்குத் திரும்பவில்லை. டாக்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.