மணிக்கு ஆறு தாள்

பான் சுன்-ஓக் கடைசி வரியில் தொடங்கி மேல்நோக்கிப் படிக்கிறார். உதடுகள் அசைகின்றன. பக்கத்தில் பார்லித் தண்ணீர் ஆறிக் கிடக்கிறது. "மேலேருந்து படிச்சா அர்த்தம் நம்மள இழுத்துட்டுப் போயிடும். எழுத்துப்பிழை தப்பிச்சிடும்" என்பார்.

சியோலின் உல்ஜிரோ அச்சகச் சந்தில், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களை அச்சடிக்கிறோம். மெய்ப்பு பார்ப்பவர்களில் மூத்தவர் சுன்-ஓக், வயது ஐம்பத்தேழு. அடுத்த மேசை என்னுடையது.

போன வசந்தத்தில் முதலாளி பியோ, அதிவேக வாசிப்புப் பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்தார். பெயர் மா கி-தே. பளபளக்கும் சூட்டு, பல்வரிசை முழுதும் தெரியும் சிரிப்பு. அவர் சொல்லச் சொல்ல நாங்கள் பதினொரு பேரும் கண்ணை உருட்டினோம். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் புரட்டினோம். "மனசுக்குள்ள உச்சரிக்காதீங்க!" என்று கத்தினார்.

"சோத்தையும் மெல்லாம முழுங்கணுமாக்கும்" என்றார் சுன்-ஓக், எல்லோருக்கும் கேட்கும்படி.

"ஏதாவது குடுங்கக்கா, படிச்சுக் காட்டுறேன்."

காலையில் வந்த மெய்ப்பை சுன்-ஓக் நீட்டினார். மா நான்கு விநாடி பார்த்தார்.

"குழந்தைங்க காய்ச்சல் மருந்து. சாப்பிட்டப்புறம் குடுக்கணும். ஆறு மணி நேரம் இடைவெளி."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

"ரெண்டு வயசுக் குழந்தைக்கு எவ்வளவு?"

"சாராம்சம்தானேக்கா முக்கியம்..."

"அஞ்சு மில்லின்னு இருக்கணும். அம்பதுன்னு இருக்கு. உங்க சாராம்சத்தக் குடிச்ச குழந்தைய எங்க கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறது, தம்பி?"

தட்டிய கைகளை மடிக்கு இறக்கிக்கொண்டோம். முதலாளிக்கு மட்டும் உறைக்கவில்லை. மறுவாரமே மணிக்கு நாற்பது தாள் என்று உத்தரவு போட்டார். சுன்-ஓக் ஆறைத் தாண்டவில்லை. முதலாளி அவரிடமிருந்து மருந்துத் தாள்களைப் பிடுங்கிக்கொண்டு, திருமண அழைப்பிதழ்களைப் பார்க்கச் சொன்னார்.

"நல்லதுதான். மாப்பிள்ளை பேரு தப்பினா யாரும் சாகப்போறதில்ல" என்று சிரித்தார் சுன்-ஓக். பிறகு முகம் கழுவப் போனவர் திரும்பி வர வெகுநேரமாயிற்று.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பிழையோடு அச்சான முப்பதாயிரம் தாள்களை மருந்துக் கம்பெனி திருப்பி அனுப்பியது.

நேற்று மதியம் சுன்-ஓக்கையும் என்னையும் தவிர எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மேசையிலேயே கிம்பாப் சோற்றுச் சுருளைத் தின்றுகொண்டிருந்தேன். முதலாளி ஒரு மருந்துத் தாளின் மெய்ப்போடு சுன்-ஓக்கிடம் வந்து நின்றார்.

"அவசரம். சும்மா ஒரு தடவை கண்ணை ஓட்டிட்டுக் குடுங்களேன்..."

சுன்-ஓக் தாளை வாங்கிக் கடைசி வரியில் விரலை வைத்தார். தலையை நிமிர்த்தாமலே, மேசைக்கு அடியில் கிடந்த முக்காலியைக் காலால் முதலாளி பக்கம் தள்ளிவிட்டார்.