நாற்பத்து நான்கு வயதில் முதுமை

அப்பாவின் இறப்புப் பத்திரத்தில், காரணம் எழுதும் இடத்தில் 'சாக்கிட் துவா' என்று இருக்கிறது. மலாயில் முதுமை நோய் என்று அர்த்தம். அப்பா சாகும்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

போன ஆண்டு மருத்துவமனையில் ஒரு தாதி அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது உங்க தாத்தாவோடதா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். யார் என்ன கேட்டாலும் எனக்கு அப்படித்தான் ஆகும். ஆனால் அன்றைக்கு வெட்கத்தை விடக் கோபமே அதிகம் இருந்தது.

அப்பா கோலசிலாங்கூர் பக்கம் ஓர் எஸ்டேட் லயத்தில், வீட்டிலேயே இறந்தார். வீட்டில் செத்தால் போலீசில் போய்ச் சொல்ல வேண்டும். அண்ணன்தான் போனார். என்ன நோய் என்று கேட்டதற்கு வயிற்று வலி என்றாராம். வீட்டில் செத்தவர்களுக்கெல்லாம் எழுதுகிற அந்தச் சொல்லையே எங்களுக்கும் எழுதிக் கொடுத்தார்கள். எழுதியவர் வயதைப் பார்க்கவில்லை. வாங்கிய நாங்களும் படித்துப் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு முன்பே அவருடைய அக்கா, எங்கள் அத்தை, முப்பத்தொன்பதில் போய்விட்டார். அவருக்கும் இதே வயிற்று வலிதான். அதற்குச் செய்வினை என்று பெயர் வைத்தார்கள். உலு யாமிலிருந்து பூசாரியை வரவழைத்து, கறுப்புக் கோழி அறுத்து, வாசலில் தோண்டித் தகடு எடுத்தார்கள். தகடு கிடைத்த சந்தோஷத்தில் அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு என் அக்காவுக்கு வந்தது. ஐம்பது வயதில் பெருங்குடலில் புற்றுநோய். வெட்டி எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். அவருடைய மருத்துவர்தான் குடும்பத்தில் வேறு யாருக்கு வந்தது என்று துருவித் துருவிக் கேட்டு, இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார். பரம்பரையாக வருகிற ஒரு மரபணுக் கோளாறு என்று தெரிந்தது. கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் சோதிக்க வேண்டும் என்றார்கள்.

நான் ஆறாம் வகுப்புவரைதான் படித்தவன். அவர் சொன்னதை என் வேலையை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். நான் செம்பனை எண்ணெய் ஆலையில், லோரியிலிருந்து கொட்டுகிற குலைகளைப் பார்த்துக் கெட்டதைத் தள்ளுகிறவன். உடம்பில் புதுச் செல்கள் உண்டாகும்போது தவறு நடக்குமாம். அதைத் தேடிப் பிடித்துத் திருத்த, அப்பா வழியாக ஒன்றும் அம்மா வழியாக ஒன்றுமாக இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடும்பத்தில் அப்பா வழி ஆள் பிறக்கும்போதே வேலைக்கு ஆகாதவன். மற்றவனும் ஒருநாள் படுத்துவிட்டால், கெட்ட குலையெல்லாம் உள்ளே போகும். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இது வர, வராமலிருக்க, பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்தாலும் எல்லாருக்கும் புற்றுநோய் வராது. சொன்ன காலத்தில் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்து, சின்னச் சதை வளர்ச்சியாக இருக்கும்போதே வெட்டிவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

எனக்கும் இருந்தது. பார்த்தார்கள், ஒன்றை வெட்டினார்கள், மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன். அவ்வளவுதான். அத்தைக்கும் அப்பாவுக்கும் இதுகூடக் கிடைக்கவில்லை.

அண்ணனுக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் பேச்சை மாற்றினார். அவருடைய மகளுக்கு இருபத்தாறு வயது, அடுத்த மாதம் கல்யாணம். பாப்பா என்று நாங்கள் கூப்பிடும் அந்தப் பிள்ளைக்கு இரண்டு மாதமாக இரத்தம் போகிறது என்றும், மூலச்சூடு என்று மோர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் அண்ணி என் மனைவியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில், சோதனைக்கு வரச் சொல்லும் மருத்துவமனைக் கடிதத்தை எடுத்துக்கொண்டு புக்கிட் பெருந்துங்கில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மேசைமேல் மஞ்சள் தடவிய பத்திரிகைகள் அடுக்கியிருந்தன.

"அண்ணே, ஒரு தடவ ரத்தம் குடுங்க. உங்களுக்கு இல்லன்னா உங்க வழியா பிள்ளைங்களுக்கும் வராது. பாப்பாவ மட்டும் உடனே கூட்டிட்டுப் போங்க."

"கல்யாணம் முடியட்டும்லா."

"ஒரு மாசம் இருக்கு."

"மாப்பிள்ள வூட்டுக்குத் தெரிஞ்சா என்னா ஆவும்னு தெரியுமா ஒனக்கு? குலை பொறுக்குறவனுக்கு யாருடா டாக்டர் சட்ட மாட்டிவுட்டது?"

"அப்பாவுக்கு என்ன வந்துச்சுண்ணே?"

அண்ணன் பத்திரிகைகளைச் சரியாக அடுக்கினார். அவை சரியாகத்தான் இருந்தன.

"அப்பவே டாக்டர் சொன்னாரு, குடல்ல புத்துன்னு," என்றார். "ஒன் அக்காவப் பொண்ணு பாக்க ஆளு வந்துட்டுப் போன நேரம். வெளிய சொன்னா அவ கழுத்துல தாலி ஏறியிருக்குமா? நான் சொல்லல. தப்பா?"

முப்பது வருடம். இது பரம்பரையாக வருமென்று அப்போது அவருக்குத் தெரியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அக்கா மலத்தில் இரத்தம் பார்த்து ஒரு வருடம் நாட்டு மருந்து தின்றாரே, அப்போது இவர் வாயைத் திறந்திருக்கலாம். கல்யாணம் கல்யாணம் என்று சொல்லியே எங்கள் பெண்களைச் சாகக் கொடுக்கிறோம். பெண் இருந்தால்தானே கல்யாணம்?

அந்த நேரம் பார்த்துப் பாப்பா தேநீர் கொண்டுவந்தாள். எங்கள் வீடுகளில் சித்தப்பன் அண்ணன் மகளிடம் கேட்கிற கேள்விகள் இரண்டே இரண்டு: சாப்பிட்டாயா, வேலை எப்படி. அதற்கு மேல் கேட்டால் அது அசிங்கம். எனக்குக் காது சூடாகிவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"பாப்பா, வெளிக்குப் போகும்போது ஒனக்கு ரத்தம் போகுதா?"

பாப்பா தட்டை மேசைமேல் வைத்தாள்.

"என்னடா கேக்குற எம்பொண்ண! வெட்கமில்ல ஒனக்கு? வெளிய போ!" அண்ணன் எழுந்துவிட்டார்.

"ரெண்டு மாசமாப் போகுது, சித்தப்பா," என்றாள். "எனக்கே பயமாத்தான் இருக்கு. யார்கிட்ட சொல்றது?"

கடிதத்தைத் தட்டின்மேலேயே வைத்துவிட்டு வந்தேன். தேநீர் குடிக்கவில்லை.

அந்த வாரமே அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கூடப் போனது மாப்பிள்ளை. அவளே அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் வீட்டில் யாரும் கல்யாணத்தை நிறுத்தவில்லை. மூன்று சதை வளர்ச்சிகளை வெட்டினார்கள். ஒன்று கொஞ்சம் பெரியது, இன்னும் சில வருடம் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றாராம் மருத்துவர். இரத்தச் சோதனையில் அவளுக்கும் அதே கோளாறு. அப்படியென்றால் அண்ணனுக்கும் இருக்கிறது. அதற்குப் பிறகும் அவர் தன் குடலைக் காட்ட மறுத்துவிட்டார். கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை.

கல்யாணம் முடிந்து ஏழாவது வாரம் பாப்பா போன் செய்தாள்.

"சித்தப்பா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக அப்பாவக் காருல ஏத்திட்டேன். மருந்து நேத்தே குடுத்து வயித்தச் சுத்தம் பண்ணியாச்சு. சுங்கை சோ தாண்டிட்டோம், இனிமே எறங்கி ஓட முடியாது."

பின்னால் அண்ணனின் குரல் கேட்டது. என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தார், எழுத முடியாத வார்த்தைகளால்.

"திட்டட்டும்மா," என்றேன். "நீ நிறுத்தாம ஓட்டு."