பித்தக்குழாய்க்கு எந்தக் கேசிங்?

என் வீட்டுக்காரர் போர்வெல் வண்டிக்காரர். முப்பது வருடம் ஊர் ஊராகப் போய் நிலத்தில் துளை போட்டவர். அவருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது மல்லசமுத்திரம் முழுக்கத் தேடிக் கீழாநெல்லி பறித்து அரைத்துக் கொடுத்தேன். ஒரு மாதம் வீணாய்ப் போனது. அந்தக் கோபம் என்மேல் எனக்கு இன்னும் தீரவில்லை.

சேலத்தில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சொன்னார். கணையத்தில் புற்றுநோய்க் கட்டி, அது பித்தக்குழாயை நெரிக்கிறது, வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்தால் அரிப்பு நிற்கும், சோறு இறங்கும், பிறகு மருந்து ஏற்றலாம். நான் முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டேன். இவரோ மேசைமேல் இருந்த இரண்டு மாதிரிகளை எடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒன்று மெல்லிய பிளாஸ்டிக் குழாய், மற்றது கம்பி வலை.

"ஏனுங்க டாக்டரு, இது நம்ம கேசிங் பைப்புங்க! போர்க்குழி சரியாம இருக்க எறக்கறமுங்கல்ல, அதேதானுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். அப்புறம் இரண்டு பேரும் வரப்பில் நிற்பவர்கள்போலப் பேச ஆரம்பித்தார்கள். பிளாஸ்டிக் ஒல்லி, சில மாதத்தில் அடைத்துக்கொள்ளும், மாற்ற வேண்டும். கம்பி வலை அகலமாக விரிந்து நிற்கும், ஒரு வருடம்போலத் தாங்கும்.

"வலைச்சந்துல கட்டி உள்ள பூந்துராதுங்களா?" என்றார் இவர்.

வளர்ந்து நுழையலாம், அதற்காக உறை போட்ட வலையும் இருக்கிறது, ஆனால் அது சில பேருக்கு நழுவிவிடும் என்றார் டாக்டர்.

"புடிப்பு இல்லீன்னா நழுவத்தானுங்க செய்யும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிர் போகிற நேரத்தில் என்ன வியாபாரப் பேச்சு!

இவர் மாதிரிகளை மேசையில் வைத்தார். "எனக்கு எதுங்க? வத்தப்போற போருக்கு நாங்க நல்ல கேசிங் எறக்க மாட்டமுங்க. மறைக்காமச் சொல்லுங்க."

இத்தனை நேரம் எதைக் கேட்க இவர் சுற்றி வளைத்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிளாஸ்டிக் என்று சொல்லிவிடக் கூடாதே என்று டாக்டர் வாயையே பார்த்தேன்.

"பிளாஸ்டிக் கொஞ்ச நாளைக்குத்தான். உங்களுக்குக் கம்பி வலையே வைக்கலாம்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் இவர் மஞ்சள் கண்ணோடு சிரித்தார். "ஒரு வருசமாச்சும் ஓடும்போலத் தெரியுது புள்ள."

காலையிலிருந்து பட்டினி கிடந்த நான் கேன்டீனில் இரண்டு போண்டா தின்றேன். வெறும் ஒரு வருடத்துக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.