டாக்டரம்மா பூக்கட்டிப் பார்த்த கார்

முதலில் கண்ணில் பட்டது ஒரு ஜோடி செருப்பு. அம்பத்தூரில் நான் வேலை பார்த்த ஷெட்டின் வாசலில், எண்ணெய்க் கறை இல்லாத இடமாகத் தேடி யாரோ அதை ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தார்கள். கார் ஷெட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற ஆளை அதுவரை நான் பார்த்ததில்லை. உள்ளே போனால், இரண்டு வாரமாக நின்றிருந்த சிவப்புக் காருக்கு அடியிலிருந்து கரி அப்பிய இரண்டு உள்ளங்கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மீதியைச் சாக்கு மறைத்திருந்தது. எங்கள் ஷெட்டில் தகர வேலை பார்த்த டிங்கர் அண்ணாத்தேதான் என் வண்டியை நோண்டுகிறார் என்று நினைத்து, "அண்ணாத்தே, எயுந்து வா. உன் தகரத்த போய் தட்டு" என்று ஒரு காலைத் தட்டினேன். அடியிலிருந்து பெண் குரல் வந்தது. "இந்தப் பக்கம் பைப்புல எண்ணெய் கசியுதே, பார்த்தியாப்பா?"

குமணன்சாவடியில் கிளினிக் வைத்திருந்த டாக்டரம்மா அவர். அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். அந்தப் பக்கத்துக் குழந்தைகளில் பாதி அவர் கையில் பிறந்தவை. எழுந்து வந்தவர் என்னைத் திட்டவில்லை. முந்தானையில் கையைத் துடைக்கப் போய், நினைவு வந்தவராகக் கழிவுப் பஞ்சு கேட்டார்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினேன். லாரியில் கிளீனராக விஜயவாடா, நாகபுரி என்று அலைந்தேன். பல ஊர்களில் சாப்பாடு ஒரு வேளைதான், படுக்கை வண்டிக்கு அடியில்தான். அதனால் எந்த எஞ்சினுக்கு எந்த இடத்தில் வலி என்று படுத்தபடியே கற்றுக்கொண்டேன். அம்பத்தூருக்கு வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். எந்த இடத்திலும் அதுவரை ஓர் ஆண்டுக்கு மேல் தங்காதவன் அங்கே மூன்று ஆண்டுகள் இருந்தேன். அதன் கடைசியில் ஷெட்டுக்கு வந்தவை சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு கார்கள்.

இரண்டுமே கூரை இல்லாத, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பந்தய வண்டிகள். கம்பெனி வேலை முடிந்து சீமைக்குத் திரும்பிய அதிகாரிகள் விற்கச் சொல்லி விட்டுப்போனவை. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். சிவப்பு வண்டி தரையோடு தரையாகப் படுத்திருக்கும். நீளமான மூக்கு, பெரிய எஞ்சின். பூந்தமல்லிச் சாலையில் நேர்ப்பாட்டை கிடைத்து நான்காவது கியர் விழுந்ததும் அதன் குரலே மாறும். யாரோ பின்னால் இருந்து முதுகில் கை வைத்துத் தள்ளுவது போலிருக்கும். வெள்ளை வண்டிக்குச் சின்ன எஞ்சின். உடம்பெல்லாம் மெல்லிய தகடு. நான்கு பேர் சேர்ந்தால் தூக்கி வைத்துவிடலாம். ஆனால் அதை வளைவில் திருப்பினால், தரையில் ஆணி அடித்து அதைச் சுற்றிக் கயிற்றில் விட்டது போலத் திரும்பும். ஒன்று நேரில் கெட்டிக்காரன், மற்றது திருப்பத்தில்.

டாக்டரம்மாவுக்கு இதில் ஒன்று வேண்டும். அதுவும் பத்து நாளுக்குள். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடக்கிற கார் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அந்தக் கோடை முடிந்ததும் அரசு வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கம் போக வேண்டியிருந்தது. ஆகவே அவருக்கு வாய்த்தது அந்த ஒரு பந்தயம்தான். அதில் ஜெயிக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. ஒரே ஓர் ஆளை ஒரே ஒரு தடவை முந்த வேண்டும். பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் மேனேஜராக இருந்தவர் அந்த ஆள். இரண்டு மூன்று ஆண்டுகளாகச் சோழவரத்தில் ஓட்டுகிறவர். டாக்டரம்மாவும் ஓட்டப் போகிறார் என்று கேள்விப்பட்டு, "டாக்டர், இது பிரசவம் இல்ல, பத்து மாசம் பொறுமையா இருக்கறதுக்கு" என்று பத்துப் பேர் நடுவில் சொல்லிவிட்டார். டாக்டரம்மாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறார். சிரித்துவிட்டு நேராக எங்கள் ஷெட்டுக்கு வந்துவிட்டார்.

ஷெட் இரண்டாகப் பிரிந்தது. நான் சிவப்பு. டிங்கர் அண்ணாத்தே வெள்ளை. அவர் ஆவடிப் பக்கத்துக் கோவில்பதாகைக்காரர். அவருடைய அப்பா காலம் வரைக்கும் குடும்பமே பிறர் வயலில் அறுவடைக்குப் போனது. இவர் மட்டும் தகரத்துக்கு வந்துவிட்டார். விரல் முட்டியால் தட்டியே தகட்டின் வயதைச் சொல்லுவார். டீக்கடையில் எங்கள் சண்டையைக் கேட்கவே ஆட்கள் நின்றார்கள்.

"வேகம் இருந்தாதான் ரேஸு, அண்ணாத்தே."

"வேகமா போய் எங்க போவ மச்சான்? வளைவுல திரும்பாம நேரா செங்குன்றம் ஏரில போய் குந்திக்குவ."

"உன் வண்டிய பாத்தா வெண்ணெ டப்பா மாதிரி கீது."

"வெண்ணெதான் நைனா, வயுக்கிகினு போவும். உன்னுது போற சோக்குக்கு முன்னால ஒர்த்தன் சங்கு ஊதிகினு போவணும்."

டாக்டரம்மா பாவம், ஒரு நாள் சிவப்பில் கிளினிக்குக்குப் போவார், மறுநாள் வெள்ளையில். சிவப்பில் திரும்பி வந்த மாலையில், "இதுதான்பா, வேற பேச்சே இல்ல" என்பார். மறுநாள் வெள்ளையிலிருந்து இறங்கும்போதும் அதே வார்த்தை, அதே சந்தோஷம். ஏழு நாள் இப்படிப் போயிற்று. கடைசியில் அவருடைய அம்மா ஷெட்டுக்கே வந்தார். மகள் பந்தயம் ஓட்டுவதில் அந்த அம்மாளுக்கு இஷ்டமில்லை. ஆனால் தடுத்தால் கேட்கிற மகளும் இல்லை. "ஓட்டறதுன்னு நீயே முடிவு பண்ணிட்ட. எதுல ஓட்டறதுங்கறதையாவது அம்மன் சொல்லட்டும். மாங்காட்டுல பூக்கட்டிப் பாத்துடலாம்" என்றார்.

பெண்ணுக்கு இரண்டு வரன் வந்தாலும், வாங்குவதற்கு இரண்டு மனை வந்தாலும் எங்கள் பக்கத்தில் அப்படித்தான். சிவப்புப் பூவை ஓர் இலையிலும் வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் பொட்டலமாகக் கட்டி, எது எது என்று தெரியாதபடி சன்னதியில் வைப்பார்கள். ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வருகிற பூ அம்மன் வாக்கு. அதற்கு மேல் பேச்சில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு கார்களிலும் மாங்காட்டுக்குப் போனோம். டாக்டரம்மாவோடு சிவப்பில் வந்த அம்மாள் கோயில் வாசலில் இறங்க முடியாமல், பூக்காரிகள் இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்க வேண்டியதாயிற்று. "இது காரா, பாயா?" என்றார். எனக்குக் கவலை வந்துவிட்டது. பூ வாங்கிப் பொட்டலம் கட்டுகிற வேலை என்னிடம் வந்தது. அந்தச் சிவப்பு எஞ்சினோடு மூன்று வாரம் படுத்துக் கிடந்தவன் நான். அது சோழவரத்தில் ஓடும் சத்தத்தைக் கேட்காமல் செத்துப்போவேன் என்று அந்த வயதில் உண்மையாகவே நம்பினேன். குளத்துப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, இரண்டு வாழையிலைத் துண்டுகளிலும் சிவப்பு அரளியையே வைத்து நார் சுற்றினேன். தட்டை அண்ணாத்தேயிடம் கொடுத்துவிட்டுத் தேங்காய் வாங்கப் போனேன். ஐந்து நிமிடம்கூட இருக்காது.

பூக்காரியின் மகள், நாலு வயது இருக்கும், சன்னதியில் ஒரு பொட்டலத்தை எடுத்து டாக்டரம்மாவிடம் கொடுத்தது. பிரித்தார். உள்ளே வெள்ளை நந்தியாவட்டை.

என் கையால் இரண்டிலும் சிவப்பை வைத்திருக்கிறேன், வெள்ளை வருகிறது. அம்மன் நேரில் வந்து பூவை மாற்றிவிட்டாள் என்றே நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இனி பொய்யே சொல்வதில்லை என்று அந்த இடத்திலேயே வேண்டிக்கொண்டேன். ஆனால் டாக்டரம்மாவுக்கு எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கிற பழக்கம். தட்டில் இருந்த மற்றப் பொட்டலத்தையும் எடுத்துப் பிரித்தார். அதிலும் வெள்ளை.

"ரெண்டுலயும் செகப்பு தானே வெச்சேன்" என்றேன். வாய் தானாகத் திறந்துகொண்டது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அண்ணாத்தேயைப் பார்த்தேன். அவர் மண்டபத்து மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது செய்வேன் என்று சந்தேகப்பட்டு, ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். அதில் சிவப்பு. மற்றதையும் பிரித்திருக்கிறார். அதிலும் சிவப்பு. "அப்புறம் இன்னா பண்றது? நீ அம்மன ஏமாத்தலாம், நான் கூடாதா?" என்று என்னையே கேட்டார்.

டாக்டரம்மா தூணில் சாய்ந்துகொண்டார். வாயைப் பொத்தியும் சிரிப்பு அடங்கவில்லை, கண்ணில் நீர் வந்துவிட்டது. அம்மாள் எங்களை முறைத்தார். "தடிமாடு மாதிரி ரெண்டு ஆம்பளைங்க, அம்பாள் சன்னதியில பண்ற வேலையா இது? போங்க, ஆளுக்குப் பதினோரு சுத்து சுத்திட்டு வாங்க" என்றார். சுற்றினோம். ஆறாவது சுற்றில் சண்டை போட்டோம். ஒன்பதாவது சுற்றில் அவர் எனக்குச் சுண்டல் வாங்கிக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது டாக்டரம்மா குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். சிரிப்பு போய், கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிற முகம் வந்திருந்தது. "இத்தனை நாளா ரெண்டு பேரும் அவங்கவங்க வண்டியோட பெருமையைத்தான் சொன்னீங்க. என்கிட்ட வர்ற நோயாளியும் அப்படித்தான், எது நல்லா இருக்கோ அதைத்தான் சொல்லுவாங்க. பொய்ப்பூ வெச்ச பாவம் போகணும்னா, என்கிட்ட மறைச்சது என்னன்னு இப்ப சொல்லுங்க. உன் வண்டிக்கு என்னப்பா குறை?"

கோயிலுக்குள் வேண்டிக்கொண்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சொல்லிவிட்டேன். "நாலஞ்சு தடவ வேகமா வந்து அமுக்கினா பிரேக்கு சூடாயிடுது டாக்டரம்மா. அப்புறம் புடிக்கிறது கொஞ்சம் யோசிச்சுதான் புடிக்கும். நானும் எல்லாம் பண்ணி பாத்துட்டேன்."

"உங்களுக்கு?"

அண்ணாத்தே தலையைச் சொறிந்தார். "டிரைவர் பக்கத்துக் கதவு, டாக்டரம்மா. இடது பக்கம் ஒடிச்சு திருப்பினா அதுவா தொறந்துக்குது. மூணு தபா பத்த வெச்சேன், நிக்க மாட்டேங்குது."

டாக்டரம்மா எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "கதவைக் கயித்தால கட்டலாம். பிரேக்கை எதால கட்டறது? வெள்ளை வண்டியே இருக்கட்டும்."

அவ்வளவுதான். ஏழு நாள் முடியாத காரியம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. "பூவுல சொல்லல, இவனுங்க வாயால சொல்லிட்டா" என்று அம்மாள் சன்னதிப் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ விஷயங்களில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்திருக்கிறது. ஊர், வேலை, கூட்டாளி என்று. பெருமையைக் கேட்டுத் தேர்ந்தெடுத்த பல இடங்களில் அடி வாங்கியிருக்கிறேன். சிவப்பு வண்டியை பெங்களூர்க்காரர் ஒருவர் வாங்கினார். பந்தயத்துக்கு மறுவாரம் அதை ஓட்டிக்கொண்டுபோய் ஒப்படைக்கப் போனவன், அங்கேயே இரண்டு ஆண்டு தங்கிவிட்டேன். வழியில் பிரேக் ஆறுவதற்காக ஐந்து இடத்தில் நிறுத்தி டீ குடித்தேன். இப்போது குமணன்சாவடி வழியாகப் பேருந்தில் போகிறபோது சிக்னலில் கால் மணி நேரம் நிற்கிறோம். பெரிய பெரிய வண்டிகள் பேருந்துக்குப் பக்கத்தில் நிற்கின்றன. அவற்றின் வேகம் எவ்வளவு என்று ஓட்டுகிறவர்களுக்கே தெரியாது. அந்தச் சாலையில் சிவப்பு வண்டிக்கு நான்காவது கியர் போட்டிருக்கிறேன் என்று சொன்னால் கண்டக்டர் நம்பமாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சோழவரத்தில் நல்ல வெயில். பத்து வண்டிகள், ஆறு சுற்று. டாக்டரம்மா தம்பியின் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு, கொண்டைக்கு மேல் ஹெல்மெட் இறங்காமல் பின்னலாக மாற்றிக்கொண்டு வந்தார். துணி உலர்த்துகிற நைலான் கயிற்றால் நாங்கள் கதவைக் கட்டினோம். அவர் கதவுக்கு மேலே கால் வைத்து ஏறி உள்ளே இறங்கினார். அம்மாள் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். கொடி விழுந்ததும் நான்கும் நசுங்கின.

முதல் சுற்றிலேயே மேனேஜர் நான்காவதாகவும் டாக்டரம்மா ஐந்தாவதாகவும் போனார்கள். ஓடுதளத்தின் முனையில் இடது பக்கமாக ஒரு கொண்டை ஊசி வளைவு. மேனேஜர் அதற்கு வெகு முன்னாலேயே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தூக்கினார். வெள்ளை வண்டி தூக்கவில்லை. உள்பக்கமாக நுழைந்து, சுற்றி, அவருக்கு முன்னால் வெளியே வந்தது. அண்ணாத்தே என் தோளைப் பிடித்த பிடியில் இரண்டு நாள் வலி இருந்தது. ஆனால் அடுத்து வந்தது நேர்ப்பாட்டை. மேனேஜரின் வண்டிக்குப் பெரிய எஞ்சின். பாதித் தூரத்தில் அவர் முந்திவிட்டார். அடுத்த சுற்றில் வளைவில் மறுபடி இவர், நேரில் மறுபடி அவர். ஆறு சுற்றும் இதேதான். மற்ற வண்டிகளைப் பார்ப்பதைக் கூட்டம் விட்டுவிட்டது. கடைசிக் கொடி நேர்ப்பாட்டையின் முடிவில் இருந்தது. மேனேஜர் ஒரு வண்டி நீளம் முன்னால் போய் முடித்தார்.

சிவப்பாக இருந்திருந்தால் அந்த நேர்ப்பாட்டையில், என்று எனக்குத் தோன்றியது. அண்ணாத்தே திரும்பிக்கூடப் பார்க்காமல், "வாய தொறந்த, ஒதப்பேன்" என்றார்.

டாக்டரம்மா கதவுக்கு மேலாக ஏறி இறங்கினார். முகமெல்லாம் புழுதி, பல் மட்டும் வெள்ளை. "ஒரு தடவை போதும்னு வந்தேன். ஆறு தடவை முந்தியிருக்கேன்பா" என்று அம்மாளைக் கட்டிக்கொண்டார். மேனேஜர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைத் தேடி நடந்து வந்தார். ஜெயித்தவர் முகமாக அது இல்லை. "டாக்டர், அந்த வளைவுல நீங்க காலை எடுக்கவே இல்லையா?" என்று கேட்டார்.

"எதுக்கு எடுக்கணும்? கதவைத்தான் கட்டியாச்சே" என்றார் டாக்டரம்மா.

அவருக்குப் புரியவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து, குனிந்து, கயிற்றைப் பார்த்தார். அண்ணாத்தே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "முடிச்சு நான் போட்டது சார்" என்றார். நான் சும்மா இருப்பேனா? கயிறு நான் வாங்கி வந்தது என்று சொன்னேன்.