நான் சேர்த்த காத்திருப்பு

தொண்ணூறுகளின் கடைசியில் தி. நகரில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தேன். இரண்டு பேர் வெவ்வேறு இடங்களில் இருந்தபடி இணையத்தில் ஒரே பக்கத்தைச் சேர்ந்து எழுத ஓர் எடிட்டர் தயாரித்தோம். அதைத் தானாகவே சோதித்துப் பார்க்கும் புரோகிராம்களை எழுதுவது என் பொறுப்பு.

இருவரும் ஒரே சமயத்தில் டைப் செய்யும் சோதனை மட்டும், ஒருவர் எழுதியது அழிந்துபோய், அவ்வப்போது ஃபெயிலானது. சோதனையில்தான் கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒருவர் முடித்தபின் மற்றவர் சற்றுக் காத்திருந்து தொடங்கும்படி மாற்றிவிட்டேன். அதன்பின் அது ஃபெயிலாகவே இல்லை. மேலாளர் பாராட்டினார், சிரித்தபடி ஏற்றுக்கொண்டேன்.

மயிலாப்பூரில் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர், அடையாறிலிருந்த தோழியோடு சேர்ந்து அதில் இலக்கணப் புத்தகம் எழுதினார். ஒரு நாள் அவர் எழுதிய அத்தியாயம் காணாமல் போனது. அவர் போன் செய்து சொன்னதும் நேரில் போனேன். அது காணாமல் போன நேரத்தில் தோழியும் எழுதிக்கொண்டிருந்தார் என்று அவர் சொன்னதுமே, கோளாறு சோதனையில் இல்லை, எடிட்டரில்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

“நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போலருக்கு. உன்னை வெயில்ல அலைய வெச்சுட்டேனேம்மா” என்று வருத்தப்பட்டார்.

“பரவால்ல மாமி” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அலுவலகம் திரும்பி அந்தக் காத்திருப்பை நீக்கினேன். சோதனை ஃபெயிலானது. மேலாளரிடம் உண்மையைச் சொன்னேன். பிழையைச் சரிசெய்த பிறகு மாமிக்குப் போன் செய்து, “தப்பு உங்களோடது இல்ல மாமி, என்னோடது” என்றேன்.

“என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றே. நேக்கு இதெல்லாம் வராதும்மா. கம்ப்யூட்டரைப் பேரனுக்குக் குடுத்துட்டேன்” என்றார்.

எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. அன்று அவர் எதிரிலேயே சொல்லியிருந்தால் நம்பியிருப்பார் என்று இப்போதும் தோன்றுகிறது.